மாடு இருந்தால்தான் ஓட்டு

முருகையா அண்ணன் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மரியாதையெல்லாம் அதற்குப் பிறகு. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். யார் வம்புதும்புக்கும் போகாதவர். கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறவர். இப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நினைப்பீர்கள். இருந்து பார்த்தவள் நான். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

லூனாஸ் பட்டணத்துக்கு உள்ளே தள்ளி, மாட்டுவண்டி போகும் மண்பாதையில் இருந்தது எங்கள் கரும்பாறைத் தோட்டம். முதல் உலகச் சண்டை முடிந்து கித்தா என்கிற ரப்பர் விலை படுத்துக் கிடந்த சமயம். காடு அழித்துக் கன்று நட்ட பழைய ஆட்களில் பாதிப்பேர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மீதிப்பேர் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம், அதாவது மரப்பட்டையைக் கீறிக் கித்தாப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் புதிதாகக் கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். பெயர் நவமணி. என் வீட்டுக்காரர் நடராஜாவுக்கு அந்தத் தோட்டத்தில் சொந்தமென்று ஒரு தகரப்பெட்டியும் என்னையும் தவிர எதுவும் கிடையாது.

கூலிகள் வரிசை வீடாகக் குடியிருந்த லயத்தில் எங்கள் வீட்டுக்கும் முருகையா அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதுவும் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். புருஷன் பெண்டாட்டி பேச்சு எதுவும் யாருக்கும் ரகசியம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பேச்சு என்றால் செல்லாயி அக்காவின் பேச்சுதான். அண்ணன் 'ம்' போடுவார். மழை வருமா என்று கேட்டால்கூட வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் 'ம்' போடுவார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடக் கூடாதாம்.

சேலத்துப் பக்கம் பிறந்தவர். கல்யாணம் பண்ணிக்கொண்ட கையோடு ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் கப்பலேறியவர்கள் இரண்டு பேரும். வெகுநாள் குழந்தை இல்லை. லூனாஸ் அம்மன் கோயில், மலையடிவார முனி என்று போகாத இடமில்லை. கடைசியில் ஒரு பெண் பிறந்தது. இராசாத்தி என்று பெயர் வைத்தார்கள். பெற்றவளுக்குத் தாய்ப்பால் சுரக்கவில்லை. செல்லாயி அக்கா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு லூனாஸுக்கு நடந்து போய், ஜக்கரியா ராவுத்தர் கடையில் கொடுத்து, ஒரு கறவை மாட்டைக் கயிறு பிடித்துக் கூட்டி வந்தாள். அவள் அம்மா போட்ட தோடு அது. அதற்கப்புறம் அவள் காதில் வேப்பங்குச்சிதான்.

அந்த மாட்டுப் பாலில்தான் பிள்ளை வளர்ந்தது. ஓடித் திரிகிற வயசு வந்தபோது காய்ச்சல் கண்டது. தோட்டத்தில் அப்போது டாக்டர் கிடையாது, ஒரு டிரெஸ்ஸர் வாரம் ஒருமுறை வந்து எல்லாருக்கும் ஒரே கசப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவார். பிள்ளை கண் திறக்காமல் கிடந்த அன்று அண்ணன் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினார். திரும்பி வந்து மாட்டின் கழுத்தில் மஞ்சள் துணி ஒன்றைக் கட்டினார். மாட்டை ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்டாராம். செல்லாயி அக்காவும் சரியென்றுதான் இருந்தாள். மறுநாளே பிள்ளை போய்விட்டது.

ஆற்று மேட்டில் புதைத்தோம். லயத்துக்குக் கீழே ஆற்றை ஒட்டிய சரிவு அது. எங்கள் தோட்டத்தில் செத்தவர்கள் எல்லாரும் அங்கேதான். குழந்தைகள்தான் அதிகம். ஒவ்வொரு குழிமேட்டின் தலைமாட்டிலும் ஆற்றுக் கல் ஒன்று. வேலை முடிந்து பால் நிறுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் செல்லாயி அக்கா அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். மஞ்சள் துணி மழையில் நைந்து போய் விழுந்தது. நேர்த்தியைப் பற்றி யாரும் பேசவில்லை. பிள்ளையோடு அதுவும் போயிற்று என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் புதுத் துரை வந்து சேர்ந்தார்.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அடிக்கமாட்டார். ஆனால் சும்மா இருக்கமாட்டார். எங்கள் மாடுகள் இளங்கன்றுத் தோப்பில் புகுந்து மேய்கின்றன என்று புகார். மாடுகளை ஒரே இடத்தில் கட்டிவைத்து மேய்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இக்கரையில் புல் உள்ள இடம் என்று பார்த்தால் ஆற்று மேடு ஒன்றுதான். அதை மாட்டுக்கு விட்டால் குழிகள் என்ன ஆவது? 'நீங்களே ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள், அவர் சொல்கிறபடி செய்கிறேன்' என்று துரை சொல்லிவிட்டார். எலக்சன் வைக்க வேண்டுமாம்.

எங்களுக்கு எலக்சன் என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? தோட்டத்துக் கணக்கெழுதும் பரஞ்சோதிக் கிராணிதான் பால் நிறுக்கிற கொட்டகையில் வைத்து விளக்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், துரை சொன்னதை அப்படியே நம்மிடம் இறக்கிவைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துரையின் தாத்தா போன நூற்றாண்டில் அவர்கள் ஊரில் பார்லிமெண்டுக்கு நின்றவராம். அது ராஜாங்கத்துக்கே சட்டம் போடுகிற சபையாம். ஊரில் ஆயிரக்கணக்கில் சனம் இருந்தாலும் ஓட்டு ஒரு கைப்பிடி ஆட்களுக்குத்தான். நல்ல வாடகை பெறும் வீடோ நிலமோ வைத்திருந்தால்தான் மனுஷன் என்று கணக்கு. சுரங்கத்தில் கரி வெட்டுகிறவனுக்குக் கிடையாது, ஆலையில் நூல் நூற்கிறவனுக்குக் கிடையாது, பொம்பிளைகளுக்குக் கிடையவே கிடையாது. ஓட்டையும் மறைவாகப் போடுவதில்லை. சந்தை நடுவில் மேடை கட்டி, ஒவ்வொருவனாக ஏறி, என் ஓட்டு இன்னாருக்கு என்று கத்த வேண்டும். கீழே பண்ணையார் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மாற்றிச் சொன்னவனுக்கு அடுத்த மாதம் வீடு இருக்காது. பீப்பாய் பீப்பாயாகச் சாராயம் ஓடும். துரையின் தாத்தா அந்தப் பண்ணையாருக்கு வேண்டியவர். ஜெயித்துவிட்டார்.

இதைத் துரை பெருமையாகச் சொன்னாராம். எனக்கென்னவோ எங்களை மிரட்டி வேலை வாங்கும் முனியாண்டிக் கங்காணியின் கதையைக் கேட்ட மாதிரி இருந்தது.

"அதே முறையிலதான் இங்கையும் நடக்கோணுமாம்" என்றார் கிராணி. "சொத்து உள்ளவனுக்குத்தான் பொறுப்பு இருக்குமெண்டு துரை நினைக்கிறார்."

"எங்ககிட்ட என்னாங்க சொத்து?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். நியாயம்தானே? வீடு கம்பெனி வீடு. நிலம் கம்பெனி நிலம். கையிலிருக்கிற உளியும் தோளில் சுமக்கிற வாளியும்கூடக் கம்பெனியுடையது.

கிராணி கண்ணாடியைத் துடைத்தார். "மாடு இருக்குதல்லோ? சொந்தமா மாடு வைச்சிருக்கிற ஆம்பிளைக்கு ஒரு ஓட்டு."

அவ்வளவுதான், முடிந்தது. லயத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மாடு இல்லை. ஆனால் ஆற்று மேட்டில் குழி இல்லாத வீடே கிடையாது. எல்லாருக்கும் ஓட்டு என்றால் பேசவே வேண்டாம், குழிகளுக்கு வேலி விழுந்திருக்கும். மாடு வைத்திருப்பவனுக்கு மட்டும் ஓட்டு என்றால் அவன் புல்லைத்தானே பார்ப்பான்? இந்தச் சின்ன விஷயம் துரைக்குத் தோன்றவில்லையா, தோன்றித்தான் செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவன் முனியாண்டிக் கங்காணி. மேட்டை மாட்டுக்கு விடு, இனிமேல் சாகிறவர்களை ஆற்றுக்கு அக்கரையில் புதைத்துக்கொள்ளலாம் என்பது அவன் கட்சி. இன்னொருவர் தர்மலிங்கம் அண்ணன். மரம் வெட்டுகிறவர்தான், இரண்டு மாடு உண்டு, இரண்டு பிள்ளைகளை அந்த மேட்டில் விட்டவர். குழிகளுக்கு வேலி போட்டுவிட்டு மாட்டை அக்கரைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்பது அவர் பேச்சு. மாடு வைத்திருந்தவர்களிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள் அல்லவா, அவர்கள் தர்மலிங்கம் அண்ணன் பக்கம் நின்றார்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில் நம் பக்கம் நாலைந்து ஓட்டு கூடுதல். அதில் ஒன்று முருகையா அண்ணன்.

கங்காணி சும்மா இருப்பானா? அவனிடம் ஒரு மந்தையே இருந்தது. ஆனால் ஆளுக்கு ஒரு ஓட்டுதானே. அதனால் தன் ஆட்களுக்கு ஒவ்வொரு மாட்டை வாரத்துக்குக் கொடுத்தான். வாரம் என்றால் நம் ஊர் வழக்கம்தான். மாடு ஒருவனுடையது, மேய்த்து வளர்ப்பது இன்னொருவன், கன்று போட்டால் இருவருக்கும் பாதிப்பாதி. ஏழு நாளைக்குள் கங்காணி வீட்டுத் தொழுவம் காலி, அவன் கூட்டத்தில் எல்லாருக்கும் மாடு. கள்ளுக்கடையிலும் அந்த நாட்களில் அவர்களுக்குத் தாராளம். மறுபடி எண்ணிப் பார்த்தால் நம் பக்கம் ஒரே ஒரு ஓட்டுதான் கூடுதல், முருகையா அண்ணனுடையது.

தர்மலிங்கம் அண்ணன் கொதித்துப் போய்க் கிராணியிடம் ஓடினார். "வாரத்து மாடு எப்படிங்க சொந்த மாடாகும்? ஒவ்வொருத்தனும் மாரியாத்தா கோயில்ல நின்னு, கற்பூரத்தை அணைச்சு, இது என் மாடுதான்னு சத்தியம் பண்ணட்டும். அப்புறம் ஓட்டுப் போடட்டும்."

எங்கள் ஆட்கள் எல்லாரும் ஆகா என்று தலையை ஆட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய் சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும், கங்காணி கூட்டம் பாதியாகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். துரைக்கும் சந்தோஷம். அவர் தாத்தா ஊரிலும் ஓட்டுப் போடுகிறவனை வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லலாமாம். நாங்களே கையைக் கொடுத்து நாங்களே விலங்கு போட்டுக்கொண்டோம். அப்போது யாருக்கும் புரியவில்லை.

ஓட்டுக்கு முதல்நாள் சாயங்காலம் செல்லாயி அக்கா மாட்டை ஆற்றுக்கு ஓட்டிப்போய்த் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கொம்புக்கு எண்ணெய் தடவினாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து அவ்வளவு நாளாகியிருந்தது எனக்கு.

"நாளைக்கு எம்புள்ளைக்கு ஒரு ஓட்டு இருக்குடி நவமணி" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் துரைக்கு நாற்காலி போட்டிருந்தது. ஓட்டுள்ளவர்கள் எல்லாரும் கயிற்றோடு மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மாட்டுச் சந்தையா கோயில் திருவிழாவா என்று தெரியாத கூத்து. மாடில்லாத நாங்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தோம். வேறு என்ன செய்வது? பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றுவார், வந்தவன் அணைத்துவிட்டு, இது என் மாடு, என் ஓட்டு இன்னாருக்கு என்று உரக்கச் சொல்லவேண்டும். கங்காணி கை கட்டி எதிரிலேயே நின்றான்.

வாரத்து மாட்டுக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். படக் படக்கென்று அணைத்தார்கள். என் மாடு, என் மாடு, என் மாடு. பிறகு ஒருத்தனைப் பிடித்து வைத்துக் கேட்டேன். "போடற கன்னுல பாதி என்னுது. அப்ப வயித்துல பாதி என்னுதுதானேக்கா? வயித்த மட்டும் தனியா வச்சுக்கவா முடியும்?" என்கிறான். ஆத்தாளே வந்து கேட்டாலும் பதில் வைத்திருந்தான், பாவி.

நம் பக்கத்து ஆட்களும் ஓட்டைப் போட்டார்கள். இரண்டும் சமமாக வந்து நின்றது. கடைசியில் முருகையா அண்ணன். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"முருகையா, இது உன்ர மாடுதானே? கற்பூரத்தை அணைச்சுப் போட்டுச் சொல்லு" என்றார் கிராணி.

அண்ணன் தட்டைப் பார்த்தார். கோயிலுக்குள்ளே பார்த்தார். கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது. பூசாரி இன்னொரு கட்டியை வைத்து ஏற்றினார்.

"அய்யா, இது என் மாடு இல்லீங்க."

"பின்ன ஆர்ர மாடு?" என்றார் கிராணி.

"ஆத்தா மாடுங்க. புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப நேந்துவிட்டது."

"அடப்பாவி!" என்று தர்மலிங்கம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "புள்ளதான் போயிருச்சேடா! அவ காப்பாத்தலயே! அப்புறம் என்னடா நேத்தி?"

"காப்பாத்துனாக் குடுக்கறேன்னு நான் சொல்லலண்ணே" என்றார் முருகையா அண்ணன். குரல் உயரவே இல்லை. "குடுத்துட்டேன், காப்பாத்துன்னுதான் சொன்னேன்."

மாடுகள் வாலை வீசிக்கொண்டு நின்றன. அந்த நேரத்தில்தான் பெண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு செல்லாயி அக்கா வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"அது எம்மாடு! எங்காது தோட்டக் கழட்டிக் குடுத்து நான் வாங்கியாந்த மாடு. லூனாஸ் ராவுத்தரக் கேளுங்க. எம்பொருளத் தூக்கிக் குடுக்க இவரு யாரு? இவரு நேந்ததும் செல்லாது, ஒண்ணும் செல்லாது. எம்மாடு, எம்மாடு!" என்று கத்திக்கொண்டே தட்டில் எரிந்த கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அணைந்த பிறகும் எடுக்கவில்லை. "என் ஓட்டு தர்மலிங்கம் அண்ணனுக்கு. எழுதிக்கங்க."

துரை என்னவென்று கேட்டார். கிராணி இங்கிலீஷில் சொன்னார். துரை முகத்தில் ஒரு புன்சிரிப்பு வந்தது. குழந்தை ஏதோ வேடிக்கையாகக் கேட்டால் வருமே, அந்தச் சிரிப்பு. கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"பொம்பிளைக்கு ஓட்டு இல்லை."

அக்கா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றாள். துரை இன்னும் ஏதோ சொன்னார், விரலை உயர்த்திச் சட்டம் பேசுகிற மாதிரி. கிராணி கேட்டுவிட்டுச் சொன்னார்: "துரையின்ர தாத்தா காலத்துச் சட்டப்படி பெண்சாதியின்ர சொத்தெல்லாம் புருஷனுக்குத்தானாம். ஆனபடியா மாடு அவளின்ர எண்டால் அது முருகையாவின்ர. அவள் சொன்னபடி நேர்த்தியும் போச்சு. சத்தியத்தைச் செய்துபோட்டு ஓட்டைப் போடட்டாம்."

அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. துரையே வழி காட்டிவிட்டார்! தர்மலிங்கம் அண்ணன் முருகையா அண்ணன் தோளைப் பிடித்துத் தட்டின் பக்கம் தள்ளினார். பூசாரி தட்டை அக்கா கையிலிருந்து நகர்த்தி மூன்றாவது கற்பூரத்தை ஏற்றினார். செல்லாயி அக்கா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கமாட்டேன். என்னால் முடியாது.

அண்ணன் துரையைப் பார்த்துக் கும்பிட்டார். "தொரை கோவிச்சுக்கக் கூடாதுங்க. அவ மாடுன்னா அது அவளுது, நான் எம்மாடுன்னு சொல்ல முடியாதுங்க. எம்மாடுன்னா நான் ஆத்தாளுக்குக் குடுத்தது குடுத்ததுதானுங்க. இதுல எதச் சொல்லிங்க நான் அணைக்கிறது?"

இந்த மனிதரை என்ன செய்ய? சொல்லுங்கள், என்ன செய்ய? ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெற்ற பிள்ளை மேட்டில் கிடக்கிறது. கட்டினவள் கை வெந்து போய் நிற்கிறாள். வெள்ளைக்காரனே பொய்க்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டு உள்ளே வா என்கிறான். இவர் வாசற்படியில் நின்று கணக்குப் பார்க்கிறார். எனக்கு அவரை இழுத்து நாலு அறை அறையலாம் போல இருந்தது. பொய் சொல்லமாட்டேன், இப்போதும் இருக்கிறது.

"ஆத்தாளுக்கு ஓட்டு உண்டான்னு தொரையக் கேளுங்க கிராணி!" என்றான் கங்காணி. அவன் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஓட்டுச் சமம் என்பதால் முடிவு துரை கையில் போனது. ஆள் பிடித்துக் கொடுக்கிறவன் கங்காணி. துரை யாரைச் சொல்வார்? அதற்கப்புறம் அவர் எழுந்து வந்து முருகையா அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் தாத்தா ஊரில் இப்படி ஒரு ஓட்டுக்காரன் இருந்ததில்லை என்றாராம். சாயங்காலம் பங்களாவிலிருந்து ஒரு பிஸ்கோத்து டின் வந்தது. செல்லாயி அக்கா அதைத் திறக்காமலே சாக்கடையில் எறிந்தாள். லயத்துப் பிள்ளைகள் எடுத்துத் தின்றார்கள்.

மறுநாள் அவள் மாட்டைக் கோயிலுக்கு ஓட்டிப்போனாள். நானும் கூடப் போனேன், ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயம். கோயில் தூணில் கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே பார்த்துச் சொன்னாள்: "கேக்காமலே எடுத்துக்கிறவதான நீ. இந்தா, இதயும் வச்சுக்க." கும்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கோயில் வாசலை அவள் மிதித்து நான் பார்க்கவில்லை.

மேட்டில் மாடுகள் இறங்கின. கல்லெல்லாம் புரண்டது. ஒரு மழைக்காலம் போதும், குழிமேடுகள் மாட்டுக் குளம்படியில் தரையோடு தரையாகிவிட்டன. யார் பிள்ளை எங்கே என்று பெற்றவர்களுக்கே சண்டை வந்தது. முருகையா அண்ணன் மட்டும் தினமும் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். மாடு வந்தால் விரட்டமாட்டார். நகர்ந்து உட்காருவார். செல்லாயி அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டாலாவது பரவாயில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதே சில நாள் மறந்துவிடும் எனக்கு. மரம் வெட்டினோம், பால் எடுத்தோம், காய்ச்சலில் படுத்தோம், எழுந்தோம். எனக்கும் ஒரு பிள்ளை பிறந்து போய்ச் சேர்ந்தது. அக்கரையில் புதைத்தோம். அங்கே போய்வர ஓடத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். அலுத்துப்போய் நான் போவதை விட்டுவிட்டேன்.

அந்தத் துரை சீமைக்குப் போனார். அடுத்து வந்தவர் எலக்சனாவது மண்ணாங்கட்டியாவது என்று மேட்டையும் சேர்த்துக் கித்தா நடச் சொல்லிவிட்டார். கங்காணி கைகட்டி நின்று கெஞ்சிப் பார்த்தான், மாட்டுக்கு இடமில்லையே என்று. யார் கேட்டது? ஓட்டுப் போட்டவர்களும் போடாதவர்களும் சேர்ந்தே குழி தோண்டிக் கன்று நட்டோம்.

அந்தக் கன்றுகள் வளர்ந்து வெட்டுக்கு வந்தபோது ஆளுக்கு ஒரு மர வரிசை என்று நிரை பிரித்துக் கொடுத்தார்கள். மேட்டு நிரை முருகையா அண்ணனுக்கு விழுந்தது. கங்காணி வேண்டுமென்றே கொடுத்தானா, தானாக அமைந்ததா தெரியாது. அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அடுத்த நிரை. அவர் மரம் மரமாக வெட்டிக்கொண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டே வெட்டுவேன். சரிவில் பாதி வந்ததும் ஒரு மரத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார். தினமும் அதே மரம், முன்பு அவர் போய் உட்கார்ந்திருந்த அதே இடம். நல்ல பருமனான மரம், அந்த நிரையிலேயே அதுதான் கொழுத்து நின்றது.

ஒருநாள் கங்காணி நிரை பார்க்க வந்தவன் அந்த மரத்தடியில் நின்றுவிட்டான்.

"என்னாடா இது? கத்தியே படல?"

"அதுல பால் வராதுங்க கங்காணி."

"இந்த மரத்துலயா? யாருகிட்ட வுடற?" கங்காணி அவர் கையிலிருந்த உளியைப் பிடுங்கப் போனான். அண்ணன் மரத்துக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். நான் வாளியை வைத்துவிட்டுப் பார்த்தேன்.

"நான் வெட்டிப் பாத்துட்டேங்க. ஒரு சொட்டு இல்லீங்க. ஆத்தா மேல ஆணையா இல்லீங்க."

கங்காணி திரும்பி நடந்தான். முருகையா ஆணை வைத்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயமாயிற்றே.

அன்று சாயங்காலம் செல்லாயி அக்காவிடம் நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் குளித்துவிட்டு வந்த சத்தம் கேட்டது. நான் தடுப்புப் பலகையில் கையை வைத்தபடி நின்றேன். என் வீட்டுக்காரர் ஏதோ பேச வந்தார், சும்மா இருங்க என்று சைகை காட்டினேன்.

"ஆத்தா மேல ஆணை வச்சீங்களாம்ல?" அவள் குரல்.

"ம்."

"பொய் ஆணையா?"

"ஆமா."

பிறகு அவள் கேட்டாள். கோபம் இல்லை அந்தக் குரலில், சண்டை இல்லை, களைத்துப்போன ஒரு பொம்பிளை கேட்கிற கேள்வியாக இருந்தது.

"இத அன்னைக்கே வச்சிருக்கலாம்ல?"

அவர் 'ம்' போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"வச்சிருக்கலாம் செல்லாயி."

அப்புறம் அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் அவள் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் இல்லை. பிள்ளையைக் குழிக்குள் இறக்கிய அன்றுகூட அந்த மனிதர் அழுது நான் பார்க்கவில்லை.